நாலு ஜிபி

மாரீஸ்வரனின் தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினை மாட்டுவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும். தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை மத்தியானம். வராந்தாவில் நின்றபடி சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை அவர். மாரீஸ்வரனின் மனைவி அருள்மொழியை உட்கார வைத்து, ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, பொறுமையாகத்தான் சொன்னார்.

"உள்ள இழுக்குற காத்து பத்தலம்மா. கெட்ட காத்து வெளிய வராம ரத்தத்துலயே தங்குது. இப்படியே விட்டா ரெண்டு வாரம் தாங்குறது கஷ்டம். தூக்கத்துலயே நின்னுபோகலாம். மெஷின் வச்சா வருசக்கணக்கா இருக்கவும் வாய்ப்பிருக்கு. ஆனா கையும் காலும் திரும்பி வராது. அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு. அதனால இத நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது. அவரக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் தலைமாட்ட உசத்தி வச்சு வீட்லயே பாத்துக்கங்க."

அவரைக் கேட்பது எப்படி என்பதுதான் அருள்மொழிக்குத் தெரியவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்புவரை மாரீஸ்வரன், அவர்கள் குடியிருக்கும் மலையோரக் குரங்கணியிலிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பு ஓட்டினான். உர மூட்டை, ஏலக்காய் மூட்டை, ஏலப்பழம் எடுக்கப் போகும் பெண்கள் என்று எல்லாவற்றையும் ஒரே லோடாக ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லுப் பாதையில் பாட்டுக் கேட்டபடி போய்வருவான். முதலில் சாவியைத் திருக விரல் வரவில்லை. நரம்பு நோய் என்றார்கள். பிறகு கை போனது, கால் போனது, கழுத்து நிற்கவில்லை, கடைசியில் நாக்கும் புரளவில்லை. மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. அவனிடம் மிஞ்சியிருந்தது கண் மட்டும். கண்ணை அழுத்தி மூடினால் ஆமாம். கூரையைப் பார்த்தால் இல்லை.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள். "மெஷின் வச்சிக்கிருவமாங்க?"

அவன் கண்ணை மூடவில்லை. கூரையையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான்.

"அப்ப வேண்டாமா?"

அதற்கும் அதே பார்வை. மூன்றாம் தடவை கேட்டபோது அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் முந்தானையால் துடைத்தாள். அவனுடைய தம்பி பாண்டியராஜன், "அண்ணனுக்குப் பயமா இருக்கும் மதினி, விடுங்க" என்றான். அருள்மொழிக்கு அது பயமாகத் தெரியவில்லை. அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

முன்பு ஒரு தடவை அவள் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்தெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டுப் பார்த்திருந்தாள். 'த' வரும்போது அவன் கண்ணை மூடுவான். உடனே இவள், தண்ணியா, தலவலியா, தலகாணியா என்று ஆரம்பித்துவிடுவாள். அவன் கூரையைப் பார்ப்பான். இவள் இன்னும் பத்து வார்த்தை சொல்வாள். ஒரு மாதத்தில் அவன் அந்த அட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பவதாரணி ஓடிவந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பெண். கையில் ஒரு பென்டிரைவும் சின்னக் கேமரா ஒன்றும் வைத்திருந்தாள்.

"அக்கா, வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா? இதுல ஒரு புரோகிராம் இருக்கு. கேமரா அண்ணனோட கண்ணப் பாக்கும். அவரு எந்த எழுத்தக் கொஞ்ச நேரம் உத்துப் பாக்குறாரோ அது ஸ்கிரீன்ல விழும். யாரும் பக்கத்துல உக்காந்து கேக்க வேண்டியதில்ல. அவரே எழுதிருவாரு."

"பழசு ஒண்ணு கெடக்கு."

"ஓடுதுல்ல? ஓடுனாப் போதும்."

ஓடியது. கல்யாணமான புதிதில் மாரீஸ்வரன் செகண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஜீப்புக்காரர்களுக்குப் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். எல்லாரும் போனில் கேட்க ஆரம்பித்த பிறகு அது மூலையில் ஒரு பழைய சேலைக்குள் போய்விட்டது. ஐந்து வருசத் தூசியைத் தட்டி அருள்மொழி சுவிட்சைப் போட்டபோது உறுமிக்கொண்டு எழுந்தது. கேமராவை மாட்டி, பவதாரணி சொன்னபடியெல்லாம் செய்ததும் திரையில் மாரீஸ்வரனின் முகம் வந்தது. அடியில் கட்டம் கட்டமாக எழுத்துக்கள் வந்தன. அவன் பார்த்தான். ஒரு கட்டம் மஞ்சளானது. அத்தோடு எல்லாம் உறைந்து நின்றது. மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது.

நாலு தடவை நிறுத்திப் போட்டாள். நாலு தடவையும் அதே இடத்தில் நின்றது. ஐந்தாவது தடவை அவன் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

பவதாரணிக்குப் போன் போட்டாள். "ரேம் எவ்வளவுக்கா இருக்கு? கம்ப்யூட்டர் ஒரு நேரத்துல எவ்வளவு சோலிய கையில வச்சுப் பாக்க முடியுங்கறது அதுலதான் இருக்கு."

"ரெண்டுன்னு போட்டிருக்கு."

"ரெண்டு ஜிபியா? எட்டு வேணும்கா. குறைஞ்சது நாலாவது இருந்தாத்தான் இது நகரும். அத மட்டும் மாத்துனாப் போதும், வேற ஒண்ணும் வாங்க வேண்டாம்."

சனிக்கிழமை காலை முதல் பஸ்சுக்கே அருள்மொழி போடிக்கு இறங்கினாள். மாரீஸ்வரனைப் பாண்டியிடம் விட்டுவந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கண்ணாடி போட்ட கடை ஒன்று. எட்டு ஜிபி ரேம் என்று கேட்டாள். டெஸ்க்டாப்புக்கா லேப்டாப்புக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைக்காரப் பையன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பச்சைத் தகட்டைக் கொடுத்தான். விரல் நீளம்தான் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்சில் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் அதுவரை அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை. பக்கத்துத் தகரத்தைக் கழற்றினால் உள்ளே தூசியும் பல்லி முட்டையும். பவதாரணி போனில் படம் அனுப்பியிருந்தாள். அதே மாதிரி நீளமாக இரண்டு ஸ்லாட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன. முதலாவது காலி, இரண்டாவதில் பழைய ரேம். இருபக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கியைத் தள்ளியதும் பழையது துள்ளிக்கொண்டு வந்தது. புதியதை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. திருப்பி வைத்து அழுத்தினாள். கட்டை விரல் இரண்டையும் வைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்தியபோது அடிப்பலகையே வளைந்தது. முதுகுக்குப் பின்னால் மாரீஸ்வரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. திரும்பியபோதுதான் பார்த்தாள். கண்ணைக் கீழே இறக்காமல் மேலேயே வைத்திருந்தான். வெள்ளையெல்லாம் சிவந்திருந்தது.

"இது இல்லையா?"

கண்ணை மூடினான்.

கடைக்குப் போன் போட்டாள். "அக்கா, நீங்க சொல்லவே இல்லையே, உங்களது பத்து வருசத்துக்கு முந்துன மாடலா? அதுக்கு டிடிஆர் த்ரீ போடணும். நான் குடுத்தது டிடிஆர் ஃபோர், புது ரகம். அது இதுல உக்காராது. பழசு நம்மகிட்ட இல்லக்கா. சீனிச்சாமி அண்ணன் வச்சிருப்பாரு, பழய சாமானெல்லாம் அவருகிட்டத்தான் கெடக்கும்."

சீனிச்சாமி போனை எடுக்கவில்லை. இனிக் கீழே போனால் திரும்பிவரப் பஸ்சு இல்லை. அன்று ராத்திரி அவன் மூச்சு இரண்டு தடவை நின்று நின்று வந்தது. அவள் உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியை மாரீஸ்வரனுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, பாண்டியின் ஜீப்பிலேயே போனாள். பழைய ரேமையும் கையோடு எடுத்துக்கொண்டாள். கடை பூட்டியிருந்தது. டீக்கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தபோது சீனிச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அண்ணன் பேத்திக்குக் கோயிலில் காதுகுத்து, வேன் வந்து நிற்கிறது என்றார்.

"ஞாயித்துக்கெழம கடையத் தொறக்கிறதில்ல தங்கச்சி. நாளைக்கு ஒம்போது மணிக்கு வா, எடுத்துத் தாரேன்."

"நாளைக்கு ஒம்போது மணிக்கு நான் தேனியில இருக்கணும்ணே."

அவள் கெஞ்சவில்லை. எதற்காக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். சீனிச்சாமி வேன்காரரைப் பார்த்து, "நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் வண்டியில வர்றேன்" என்றார்.

கடைக்குள் சாக்குச் சாக்காகச் செத்த கம்ப்யூட்டர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த பழைய ரேமை அளவு வைத்து ஒவ்வொரு சாக்காகக் கொட்டித் தேடினார். ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளைச் சட்டை கரியானது. கடைசியில் நாலு ஜிபியில் இரண்டு கிடைத்தது. அடியிலிருந்த பித்தளை நிறப் பற்கள் கறுத்துப் போயிருந்தன. பென்சில் ரப்பரை எடுத்து எழுத்தை அழிப்பதுபோலத் தேய்த்து, தன்னுடைய மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இரண்டும் வேலை செய்தன.

"ரெண்டையும் போட்டா எட்டு. அமுக்கையில ரெண்டு பக்கமும் டக்குன்னு சத்தம் வரணும். வரலைன்னா விட்டுராத. இந்த ரப்பரையும் வச்சுக்க. வெரசாக் கெளம்பு, மத்ததப் பெறகு பாத்துக்கிருவம்."

குரங்கணிக்கு வந்து சேர்ந்தபோது கரண்டு இல்லை. கொட்டகுடிப் பக்கம் காற்றுக்கு மரம் சாய்ந்து வயர் அறுந்துவிட்டதாம். ஐப்பசியில் அந்த மலையோரத்தில் கரண்டு இருப்பதும் இல்லாததும் அதன் இஷ்டம். அருள்மொழி இரண்டு ரேமையும் மாட்டி, டக்கென்ற சத்தத்தை இரண்டு பக்கமும் கேட்டு, தகரத்தை மூடாமலே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். "இன்னைக்குன்னு பாத்து" என்று வயர்மேனைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். மாரீஸ்வரன் எரியாமல் இருந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது கண்ணில் பட்டது. கருத்தில் படவில்லை.

மூன்றே காலுக்குக் கரண்டு வந்தது. ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டாள். பெட்டி உறுமியது. பிறகு பீப், பீப், பீப் என்று நீளமாகக் கத்த ஆரம்பித்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றினாள். ரப்பரால் தேய்த்தாள். மாட்டினாள். பீப், பீப், பீப். இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, முதல் ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாள். அதேதான். மற்றதை அங்கே வைத்தாள். அதேதான். நேற்றுவரை ஓடிய பழைய ரேமையே எடுத்து அந்த ஸ்லாட்டில் மாட்டினாள். அதற்கும் கத்தியது.

இருந்ததையும் கெடுத்துவிட்டாள். நேற்று அடிப்பலகை வளைந்தது நினைவுக்கு வந்தது. சீனிச்சாமிக்குப் போன் போட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே, "என்னம்மா, கேக்கல, சத்தமாச் சொல்லு" என்றார். டவர் போனது. திரும்பத் திரும்பப் போட்டாள். எட்டவே இல்லை. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, தரையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் பெட்டியை ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள்.

"மதினி" என்றான் பாண்டி. "விடுங்க மதினி. அண்ணனுக்குப் பதிலா நாமளே சொல்லிருவோம். வச்சிருங்கன்னு சொல்லிருவோம்."

"நாம சொல்றதுக்கு அவரு என்ன மாடா?"

சொல்லிவிட்டு அவள் மாரீஸ்வரன் பக்கம் திரும்பினாள். அவன் கண் ஒரு நிலையில் இல்லை. அவளைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, கூரைக்குப் போனது, மறுபடி பெட்டிக்கு வந்தது.

"தண்ணி விடவா?"

கூரை.

"சளி தொடைக்கணுமா? காலு வலிக்குதா? திருப்பிப் படுக்க வைக்கவா?"

கூரை, கூரை, கூரை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டான். காலண்டர் அட்டையை அவன் கைவிட்ட அன்று மூடிய மாதிரியே இருந்தது. இப்படி விட்டுவிட்டால் இனி இந்தக் கண்ணைத் திறக்க வைக்க முடியாது என்று அருள்மொழிக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான், இத்தனை நேரமும் யோசிக்காத ஒன்றை யோசித்தாள். இந்தப் பெட்டியை இத்தனை வருசம் திறந்ததும் மூடியதும் யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் இதே தரையில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தது யார்?

பெட்டியைக் கட்டிலோரம் இழுத்துவந்து, தூக்கி, உள்பக்கம் அவனுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க. இதுல என்ன கோளாறுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, அழுத்தி மூடினான்.

பாண்டி பெட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அருள்மொழி ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். இந்த வயரா? கூரை. இந்தக் காத்தாடியா? கூரை. இந்த ரேம் செத்துப்போச்சா? கூரை. முதல் ஸ்லாட்டில் விரலை வைத்தாள். "இதா?"

மூடினான்.

"இதுல சரியா உக்காரலையா?"

கூரை.

"இதுல போடவே கூடாதா?"

மூடினான். இரண்டு தடவை மூடினான். கன்னத்தில் நீர் வழிந்தது.

முதல் ஸ்லாட்டு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் பழைய ரேமை இரண்டாவதில் போட்டு வைத்திருந்தான். இத்தனை நேரமும் அதைச் சொல்லத்தான் பார்த்திருக்கிறான். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு நாலு ஜிபியை எடுத்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்தாள். இரண்டு பக்கமும் சத்தம் வரும்வரை அழுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது.

எட்டு வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. புரோகிராம் திறக்கவே அத்தனை நேரம் எடுத்தது. கேமரா படம் விட்டு விட்டு வந்தது. ஆனால் உறையவில்லை. நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளியாக வந்தது. அவன் நாலையும் பார்த்தான். எழுத்துக் கட்டங்கள் வந்தன. ஒரு கட்டம் மஞ்சளாகி, அப்படியே நின்று, பச்சையானது.

மேலே வெள்ளைப் பட்டையில் 'க' விழுந்தது.

"கஞ்சியா?" என்றான் பாண்டி.

அருள்மொழி பாண்டியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "பேசாத. யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது." அவளுக்கே வாய் வரைக்கும் வந்த வார்த்தைகள் ஏழெட்டு இருந்தன. முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். 'ர' வந்தது. தப்பாக ஒரு 'ந' வந்தது. அதை அழிக்க மாரீஸ்வரனுக்கு இரண்டு நிமிசம் ஆனது. அவள் அசையவில்லை. மணி நாலரை இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

கரண்டு போனா

அவ்வளவுதான். அத்தோடு நிறுத்தி அவளைப் பார்த்தான்.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். முதலில் கம்ப்யூட்டரைச் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு விளங்கியது. தொண்டையில் மெஷினை மாட்டிவிடுவார்கள். அவள் காலை ஏழு மணிக்கு மேலே எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஏறிவிடுவாள். மழை பெய்யும், மரம் சாயும், கரண்டு போகும். மெஷின் நின்றுவிடும். அவனால் கத்த முடியாது, கையை ஆட்ட முடியாது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். டாக்டர் முதற்கொண்டு எல்லாரும் அவனிடம் வேணுமா வேண்டாமா என்றே கேட்டார்கள். அவனுக்குக் கேட்பதற்கு ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியலங்க" என்றாள். "இருங்க, கேட்டுச் சொல்றேன்."

வாசலுக்கு வந்து, டவர் கிடைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று பவதாரணியைப் பிடித்தாள். அந்தப் பெண் டாக்டரிடமே கேட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள். மெஷினுக்குள் பேட்டரி இருக்கும், சில மணி நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்தால் கையால் அமுக்கி மூச்சு விடும் பை ஒன்று தருவார்கள். ஆனால் அதை அமுக்கத் தெரிந்த ஆள் ராப்பகலாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருத்தர் போதாது, இரண்டு மூன்று பேர் பழக வேண்டும். அருள்மொழி ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வந்து சொன்னாள்.

அவன் திரைக்குத் திரும்பினான். கால் மணி நேரம் ஆனது.

நீ மேல இருந்தா

"முத்துப்பேச்சி அக்கா இருக்கும்" என்று ஆரம்பித்தவள் அவன் கண் மேலே போவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முத்துப்பேச்சிக்கு அறுபது வயது, காதும் கேட்காது. "எங்கிட்ட இதுக்குப் பதில் இல்லங்க" என்றாள்.

அவன் ஓய்ந்துபோய்க் கண்ணை மூடினான். முடிந்தது என்று பாண்டி எழுந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிசம் கழித்து அவன் மறுபடி கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான். 'சி' என்று விழுந்தது. பிறகு 'ல'. அவள் எதையும் ஊகிக்கவில்லை.

சிலமலை

போடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவனுடைய சொந்த ஊர். அவன் அப்பா ஜக்கையன் அங்கேதான் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாசத்துக்கு முன்பு அவர் இங்கே வந்து, "ரோட்டுமேல வீடு. பாண்டி பொண்டாட்டி இருக்கா, நான் இருக்கேன். எம்மகனக் கொண்டாந்துரு தாயி" என்று கேட்டிருந்தார். அருள்மொழி மறுத்துவிட்டாள். "இந்த மலையவிட்டு எறக்குனா அவரு ஒரு நாளு தாங்க மாட்டாரு மாமா. அவரு மனசு எனக்குத் தெரியும்" என்று சொன்னாள். வார்த்தை தடித்து, கிழவர் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார். அது நடந்தது இதே அறையில், இதே கட்டிலுக்குப் பக்கத்தில். மாரீஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "அன்னைக்கே கண்ணக் காட்டியிருக்கலாம்ல?"

அவன் எழுதியதை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

நீ கேக்கல

அவள் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "சரி, இப்பக் கேக்குறேன். சிலமலையில இருந்தா, மாமாவும் பாண்டி பொண்டாட்டியும் அந்தப் பைய அமுக்கப் பழகுனா, மெஷின் வச்சிக்கிருவீங்களா?"

அவன் கண்ணை மூடி ஆமாம் சொல்லியிருக்கலாம். அதுவே போதும். அவன் திரையைத்தான் பார்த்தான். வெளிச்சம் போய், பாண்டி பல்பைப் போடும்வரைக்கும் பார்த்தான்.

வைங்க

ஜக்கையனுக்குப் போன் போட்டு மகன் எழுதியதைச் சொன்னாள். "மாமா, நான் தப்பாப் பேசிட்டேன்" என்றாள். அவர், "காலையில நேரா தேனிக்கு வந்துர்றேன் தாயி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை அவனைச் சேர்த்தார்கள். புதன்கிழமை துளை போட்டார்கள். அன்று சாயங்காலமே சளி அடைத்து, அவனை இழந்துவிட்டோம் என்று அருள்மொழி வராந்தாவில் உட்கார்ந்துவிட்ட ஒரு அரைமணி நேரம் இருந்தது. பிழைத்தான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. ஜக்கையன் எழுபது வயதில் நர்சுப் பெண்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணிப் பையை அமுக்கப் பழகினார். அங்கிருந்து நேரே சிலமலை. குரங்கணி வீட்டைக் காலி செய்து பாண்டி ஜீப்பில் கொண்டுவந்தான். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் ஸ்டோர் ஒன்றுக்கு அருள்மொழி பஸ்சில் போய்வருகிறாள். ஊருக்கு வந்த ஆறாம் நாள் கரண்டு போனது. பேட்டரி தாங்கியது. தேவையில்லை என்று சொல்லியும் கேட்காமல், கரண்டு வரும்வரை ஜக்கையன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாரீஸ்வரன் எழுதுகிறான். ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து வார்த்தை. சில நாள் கண் சோர்ந்து ஒன்றுமே வராது. இன்னும் எத்தனை நாளைக்கு இது ஓடும் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பெரிதாக எதையும் அவன் எழுதுவதில்லை. ஈ. காத்தாடிய நிறுத்து. தெருவில் போகும் ஜீப்பின் சத்தத்தை வைத்துப் பாண்டிக்கு, கிளச்சப் பாரு.

தை மாசத்தில் ஒருநாள், மூக்குக் குழாயின் பட்டை ஒட்டவில்லை என்று நர்சு சொன்னதால், அவன் தூங்கும்போது அருள்மொழி நாவிதரைக் கூட்டிவந்து மீசையை எடுத்துவிட்டாள். அவன் எழுந்து, கேமராவில் தன் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுதினான்.

யாரக் கேட்டு எடுத்த

"யாரக் கேக்கணும்?" என்றாள் அருள்மொழி. "ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி வாயில சளி உறிஞ்சி எடுக்குறேன். மயிரு அதுல சிக்கிக்கிட்டு நிக்கிது. இதுக்கு வேற உங்ககிட்ட மனுப் போடணுமா?"

எருமை என்றோ எருமைக் கழுதை என்றோ அவன் ஆரம்பித்தது 'எரு' வரைக்கும்தான் வந்தது. அவள் முழுசாகப் பார்க்க நிற்காமல் தோட்டத்துக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள். அன்று பொழுது சாயும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.